பாதியில் நின்ற துளை

எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் குன்றின் அடிவாரத்தில் ஒரு புதர் உண்டு. கோடையில் அதன் பக்கம் போனால் கணுக்காலில் குளிர்ந்த காற்று படும். சுற்றிலும் வெயில் கொளுத்தும் நண்பகலில், அந்தப் புதரின் இலைகள் மட்டும் வெளிப்பக்கமாக ஆடிக்கொண்டிருக்கும். சிறுவயதில் நாங்கள் நான்கைந்து பேர் அங்கே வரிசையாக உட்கார்ந்து காலை நீட்டிக்கொள்வோம். புதருக்குப் பின்னால் ஒரு கம்பிக் கதவு. கதவுக்குப் பின்னால் இருட்டு. செம்பு எடுத்த பழைய சுரங்கம் என்று பெரியவர்கள் சொல்லியிருந்தார்கள். அதற்கு மேல் அவர்கள் சொன்னதெல்லாம் கிட்டே போகாதே என்பது மட்டும்தான்.

என் பாட்டி மட்டும் இன்னொன்றும் சொல்வார். அவர் பிறந்து வளர்ந்ததும் இதே வீட்டில்தான். சின்னப் பெண்ணாக இருந்தபோது ராத்திரியில் தரையில் காதை வைத்துப் படுத்தால் உள்ளேயிருந்து டொக், டொக் என்று சத்தம் கேட்குமாம். கொஞ்ச நேரம் கேட்கும், நிற்கும், மறுபடி கேட்கும். அவர் சொல்லும்போது நாங்கள் தலையாட்டுவோம். நம்பியது கிடையாது.

அந்தக் கதவைத் தாண்டி உள்ளே போக எனக்கு முப்பது வருடம் ஆனது. போய் வந்து சில வாரங்கள் ஆகிவிட்டன. இன்னமும் தூங்குவதற்கு முன் அந்தப் பாதையில்தான் நடந்துகொண்டிருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

மொத்தம் ஐந்து பேர். அன்று கூடவே காலை நீட்டி உட்கார்ந்திருந்தவர்களில் இருவர்: ஒருத்தி நிலவியல் படித்தவள், இன்னொருவன் நில அளவை செய்பவன். மூன்றாவது ஆள் எங்களைவிட இருபது வயது மூத்தவர், வேறொரு சுரங்கத்தில் நிலத்தடியில் பல வருடம் வேலை பார்த்தவர். அவரை நாங்கள் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். நான்காவது என் தம்பி. அவனுக்கு உள்ளே வர ஆசை, ஆனால் அண்ணன் அவனை வெளியில் உட்காரவைத்தார். "உள்ள போற நாலு பேரை விட வெளிய இருக்குற ஒருத்தன் முக்கியம்" என்றார். அவன் கையில் நேரம் எழுதிய தாள். அந்த நேரத்துக்குள் நாங்கள் திரும்பவில்லை என்றால், ஐந்து நிமிடம்கூடப் பொறுக்காமல் யாருக்குச் சொல்ல வேண்டும் என்பதும் அதில் இருந்தது. உள்ளே வந்து தேடக் கூடாது என்பதை அண்ணன் அவனிடம் சத்தியமே வாங்கிக்கொண்டார்.

நிலத்துக்கு உரியவரிடம் அனுமதி வாங்கிச் சாவியோடுதான் போனோம். இதைச் சொல்லியாக வேண்டும். கைவிடப்பட்ட சுரங்கங்களில் ஆட்கள் உயிரிழப்பது இன்றும் நடக்கிறது. சுரங்கத்தை அறிந்த ஒருவர் கூட வராமல் இருந்திருந்தால் நானும் போயிருக்க மாட்டேன். உள்ளே போனபின் அது எவ்வளவு சரியான முடிவு என்று இரண்டு தடவை புரிந்தது.

ஆளுக்கு மூன்று விளக்கு. ஹெல்மெட்டில் ஒன்று, பையில் ஒன்று, சட்டைக்குள் ஒன்று. மூன்றுக்கும் தனித்தனியாக மாற்று பேட்டரி. அப்புறம் அண்ணன் தன் மார்பில் ஒரு சின்ன மஞ்சள் கருவியை மாட்டிக்கொண்டார். ஆக்சிஜன், கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்ஃபைடு, தீப்பிடிக்கும் வாயு என்று நான்கையும் அளந்துகொண்டே இருக்கும் மீட்டர் அது.

கதவைத் திறந்ததும் நிலவியல்காரி உள்ளே போகாமல் நின்றாள். காற்றின் வீச்சைக் கையை நீட்டிப் பார்த்தாள். "மேல எங்கயோ இன்னொரு வாய் இருக்கு" என்றாள். பூமிக்குள் இருக்கும் காற்றின் வெப்பம் வருடம் முழுக்க ஏறத்தாழ ஒரே அளவில் நிற்கும். கோடையில் வெளிக்காற்றைவிட அது குளிர்ச்சி, அதனால் அடர்த்தியும் கூடுதல். எடை கூடிய காற்று கீழே இறங்கி அடிவாரத்து வாய் வழியாக வெளியே வரும். அந்த இடத்தை நிரப்ப மேல் வாய் வெளிக்காற்றை இழுக்கும். குளிர்காலத்தில் இது அப்படியே தலைகீழாகும். சிறுவயதில் குளிர் மாதங்களில் நாங்கள் ஏன் அந்தப் புதர்ப் பக்கம் போகவே இல்லை என்று அப்போதுதான் யோசித்தேன். அந்த மாதங்களில் புதர் இலைகள் உள்பக்கமாக அல்லவா ஆடியிருக்கும்! ஒருவரும் கவனித்ததில்லை.

உள்ளே முதல் அடி வைத்ததும் தண்ணீர். கணுக்கால் அளவு, ஆரஞ்சு நிறம், அடியில் குழைந்த சேறு. தண்ணீர் எங்களைத் தாண்டி வெளியே ஓடிக்கொண்டிருந்தது. குன்றின் பக்கவாட்டில் நேராகக் குடையும் சுரங்கத்தை லேசாக மேல்நோக்கித்தான் குடைவார்கள். ஊற்றுநீர் தானாக வடிந்துவிடும். தாது ஏற்றிய தள்ளுவண்டி வாயை நோக்கிச் சுலபமாக உருளும். வெறும் வண்டியை உள்ளே தள்ளுவதுதான் மேட்டு வேலை. பம்பு இல்லாத காலத்தில் இந்தச் சாய்வு ஒன்றுதான் சுரங்கத்தை மூழ்காமல் காத்தது. நாங்கள் பின்னால் அளந்தபோது 212 மீட்டர் நீளத்துக்கு ஒரு மீட்டரும் கொஞ்சமும்தான் ஏற்றம். நடக்கும்போது தெரியவே தெரியாது. ஒரு மெழுகுவர்த்தியையும் ஓடும் தண்ணீரையும் வைத்துக்கொண்டு இவ்வளவு சீராக எப்படி வெட்டினார்கள் என்று எங்கள் நில அளவைக்காரன் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தான்.

முதல் நாற்பது மீட்டர் பாதையின் வடிவம் விசித்திரமாக இருந்தது. தோள் உயரத்தில் அகலம், காலடியிலும் தலைக்கு மேலும் குறுகல். ஒரு மனிதன் நிற்கும் வடிவத்துக்கு மேல் ஒரு சாண் கல்லைக்கூட வீணாக வெட்டவில்லை. வெடிமருந்து இல்லாமல் உளியாலும் கூர்ச்சுத்தியலாலும் கொத்தியே எடுத்த பகுதி அது. விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் காட்டினால் கொத்திய தழும்புகள் ஆயிரக்கணக்கில் எழுந்து நிற்கின்றன. எல்லாம் ஒரே சாய்வு. இடது சுவரில் சாய்வு ஒரு மாதிரி, வலது சுவரில் வேறு மாதிரி. வலது கைப் பழக்கமுள்ள ஒருவர் இடது சுவரைக் கொத்தும்போது உடம்பைத் திருப்பிக்கொண்ட விதம் அந்தக் கல்லில் அப்படியே இருந்தது.

இந்த இடத்தில் நான் ரொம்ப நேரம் நின்றுவிட்டேன். சுரங்கம் என்றால் ஓட்டை, வெறுமை என்றுதான் அதுவரை மனதில் இருந்தது. அந்தச் சுவரைப் பார்த்தபின் இது யாரோ வெட்டி வெளியே கொண்டுபோன ஒவ்வொரு துண்டின் அச்சு என்று தோன்றியது.

அதற்கு அப்பால் பாதை அகலமானது. சுவரில் அரைக்குழாய் போன்ற நீளமான பள்ளங்கள் வர ஆரம்பித்தன. வெடி வைக்கத் துளைத்த துளைகளின் மிச்சப் பாதி. வெடித்ததும் துளையின் ஒரு பாதி பெயர்ந்த கல்லோடு போய்விடும், மறுபாதி சுவரில் நிற்கும். அண்ணன் ஒரு பள்ளத்தில் விரலை ஓட்டிக் காட்டினார். முழு வட்டம் இல்லை, மூலை மழுங்கிய முக்கோணம் போல இருந்தது. "மெஷின் போட்ட துளைன்னா சுத்த வட்டமா இருக்கும். இது கையால அடிச்சது" என்றார்.

கையால் துளைப்பது எப்படி என்று நின்ற இடத்திலேயே அபிநயம் பிடித்தும் காட்டினார். ஒரு கையில் நீள உளி, மறு கையில் சுத்தியல். ஒரு அடி, உளியைக் கொஞ்சம் திருப்பு. அடுத்த அடி, மறுபடி திருப்பு. திருப்பாமல் அடித்தால் உளி கல்லில் சிக்கிக்கொள்ளும். அவ்வப்போது நிறுத்தி, முனை வளைந்த கம்பியால் துளையிலுள்ள கல்மாவைச் சுரண்டி எடுக்க வேண்டும். சில இடங்களில் இரண்டு பேர், மூன்று பேர் சேர்ந்து செய்வார்கள். ஒருவர் உளியைப் பிடித்துத் திருப்ப, மற்றவர்கள் மாறி மாறிச் சம்மட்டி போடுவார்கள். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், உளி பிடிப்பவர் கையிலிருந்து ஒரு சாண் தள்ளி அந்தச் சம்மட்டி இறங்கும். நல்ல கெட்டிக் கல்லில் ஒரு துளைக்கே மணிக்கணக்கில் ஆகும். ஒரு சுற்று வெடிக்கு இப்படிப் பல துளைகள் வேண்டும்.

ஐரோப்பாவில் சுரங்கத்துக்குள் வெடிமருந்து வைத்துப் பாறை உடைத்ததற்குத் தெளிவான பதிவு 1627-இல் இருக்கிறது. இன்று ஸ்லோவாக்கியாவில் உள்ள பான்ஸ்கா ஸ்டியாவ்னிட்சாவில் நடந்தது. அதற்கு முன்பெல்லாம் பாறை முகத்தில் விறகை அடுக்கித் தீ மூட்டிச் சூட்டில் விரியவைப்பார்கள், இல்லையென்றால் கொத்துவதுதான். வெடிமருந்து வந்தபின்னும் திரிதான் ஆட்களைக் கொன்றது. வைக்கோல் தண்டிலும் வாத்து இறகின் குழலிலும் மருந்தை நிரப்பித் திரியாக வைத்தார்கள். அது எப்போது வெடிக்கும் என்று சொல்லவே முடியாது. 1831-இல் இங்கிலாந்தின் கார்ன்வாலில் வில்லியம் பிக்ஃபோர்ட் சணல் நூலுக்குள் மருந்தை வைத்து முறுக்கிய திரியைக் கொண்டுவந்தார். இத்தனை அடி எரிய இத்தனை நேரம் என்று கணக்கிட்டு வெளியே ஓட முடிந்தது. 1867-இல் நோபல் டைனமைட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். எல்லோருக்கும் நினைவிருப்பது டைனமைட்தான். அதிகம் பேரைக் காப்பாற்றியது அந்தத் திரியாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம்.

எழுபதாவது மீட்டரை ஒட்டி சுவர் நிறம் மாறத் தொடங்கியது. மேலிருந்து கசிந்த நீர், வழிந்த இடமெல்லாம் நீலமும் பச்சையுமாகப் படிந்திருந்தது. விளக்கு பட்டதும் நாங்கள் நால்வரும் ஒரே சமயத்தில் "அய்யோ" என்றோம். மயில் கழுத்து நிறம். மயில்துத்தம் என்று நம் பழைய மருத்துவர்கள் செம்புக் கந்தக உப்புக்கு வைத்த பெயர் எவ்வளவு பொருத்தம் என்று அங்கே நின்று பார்த்தால்தான் தெரிகிறது. பள்ளிக்கூட ஆய்வகத்தில் மயில்துத்தக் கரைசலில் இரும்பு ஆணியைப் போட்டுச் செம்பு பூசிக்கொள்வதைப் பார்த்திருப்போம். அதே வேலை இங்கே யாரும் செய்யாமலே நடந்திருந்தது. ஓரத்தில் தேங்கிய குட்டையில் கிடந்த ஒரு பழைய தண்டவாள ஆணியின் மேல் சிவப்பாகச் செம்பு படிந்திருந்தது. சீனாவில் சோங் அரசர்கள் காலத்திலேயே இப்படி இரும்பைப் போட்டுச் செம்புநீரிலிருந்து செம்பை எடுத்திருக்கிறார்கள். நாங்கள் ஆணியைத் தொடவில்லை. எதையும் எடுத்துவருவதில்லை என்று முன்பே பேசி வைத்திருந்தோம்.

கீழே ஓடும் ஆரஞ்சுச் சேறும் இதே கதையின் இன்னொரு பக்கம்தான். செம்புத் தாதோடு கூடவே இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் இருக்கும். காற்றும் தண்ணீரும் பட்டால் அது சிதைந்து கந்தக அமிலமும் இரும்பு உப்பும் ஆகும். பாக்டீரியாக்கள் அந்த வேலையைப் பல மடங்கு வேகமாக்கிவிடும். அந்த இரும்புதான் பின்னால் ஆரஞ்சாகப் படிகிறது. கலிஃபோர்னியாவில் அயர்ன் மவுண்டன் என்ற இடத்துச் சுரங்கத்தில், குறையக் குறைய அமிலம் கடுமை என்று காட்டும் pH அளவு பூஜ்யத்துக்கும் கீழே, −3.6 வரை போயிருக்கிறது. தோண்டுவது நின்று எத்தனையோ வருடங்கள் கழித்தும் இந்தச் சிதைவு நிற்பதில்லை. எங்கள் குன்றடி ஓடையில் ஏன் மீனே கிடையாது என்ற கேள்விக்கு விடை அந்தச் சேற்றில் கிடந்தது. சின்ன வயதில் அதே ஓடையில் காகிதக் கப்பல் விட்டிருக்கிறேன்.

பாதை இடது பக்கம் திரும்பியதும் ஒரு பெரிய அறை போல விரிந்தது. தாதுக்கொடி தடித்திருந்த இடத்தில் மேலும் கீழும் தோண்டிக்கொண்டே போயிருக்கிறார்கள். விளக்கு மேல்கூரையைத் தொடவில்லை. நான் ஆவலில் முன்னால் நடந்தேன். தரை சமமாக, சரளை பரப்பி, பார்க்க உறுதியாக இருந்தது.

"தம்பி, நில்லு."

அண்ணன் கத்தவில்லை. குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். ஆனால் என் கால் அந்தரத்தில் நின்றுவிட்டது. அவர் என் பையைப் பிடித்துப் பின்னால் இழுத்து, ஒரு கல்லை எடுத்து நான் காலை வைக்க இருந்த இடத்தில் போட்டார். டம் என்று, வெறும் பெட்டியில் தட்டியது போலச் சத்தம். கீழே பாறை இல்லை. பழைய மரப்பலகைகள், அவற்றின் மேல் கொட்டிய கழிவுக்கல். அதற்கும் கீழே எவ்வளவு ஆழம் என்பது அடுத்த கல் பலகை இடுக்கில் விழுந்தபோது தெரிந்தது. தண்ணீரில் விழும் சத்தம் வர மூன்று விநாடி ஆனது. மூன்று விநாடி என்றால் நாற்பது மீட்டர் இருக்கும். நான் சுவரோரம் போய் உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

"மரம் நல்லா இருந்த காலத்துல அது பேசும்" என்றார் அண்ணன், என்னைச் சகஜமாக்கத்தான். சுரங்கத்தில் முட்டுக் கொடுக்கப் பைன் மரத்தை விரும்பியதற்கு அதுவும் ஒரு காரணமாம். பாரம் ஏறும்போது முனகும், விரிசல் விடும், ஆட்கள் விலக நேரம் கொடுக்கும். எங்கள் முன்னால் இருந்த பலகைகள் பேசும் நிலையைத் தாண்டியவை. வெளுத்த பூஞ்சை அவற்றைப் பஞ்சாக்கியிருந்தது.

அறையின் நடுவில் இரண்டு பாறைத் தூண்கள். தூண்களிலும் தாது இருக்கிறது, பச்சை வரி ஓடுவது கண்ணுக்கே தெரிகிறது. கூரையைத் தாங்க அதை வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். ஆனால் ஒரு தூணின் இடுப்பு மெலிந்திருந்தது. யாரோ கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டியிருக்கிறார்கள். ஆசையோ, கட்டாயமோ. இதைப் பார்த்ததும் நிலவியல்காரி ஸ்வீடனின் ஃபாலுன் செம்புச் சுரங்கத்தைப் பற்றிச் சொன்னாள். ஏறத்தாழ ஆயிரம் வருடம் ஓடி 1992-இல் மூடிய சுரங்கம். திட்டமில்லாமல் பல பேர் பல பக்கம் குடைந்ததில் தூண்கள் தாங்காமல் 1687 கோடையில் பெரும் பகுதி சரிந்து விழுந்தது. அன்று நடுக்கோடை விடுமுறை, உள்ளே ஆள் இல்லை. வருடத்தில் வேலை நிற்கும் மிகச் சில நாட்களில் ஒன்று அது. ஒருவரும் சாகவில்லை.

அதே ஃபாலுனில் நடந்த இன்னொன்றையும் அவள் சொன்னாள், அதுதான் எனக்கு அதிகமாக ஒட்டிக்கொண்டது. 1719-இல் நெடுநாள் மூடிக் கிடந்த ஒரு பகுதியைத் திறந்தபோது தண்ணீரில் ஓர் இளைஞனின் உடல் கிடைத்தது. முகம் மாறவே இல்லை. நேற்று இறந்தவன் என்று நினைத்து யாருடைய மகன் என்று விசாரித்தார்கள். யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. கடைசியில் ஒரு வயதான பெண் வந்து பார்த்தாள். அவளுக்கு நிச்சயித்திருந்தவன். 1677-இல் காணாமல் போனவன். அன்னபேதி என்ற இரும்புக் கந்தக உப்பு கரைந்த சுரங்கநீர் நாற்பத்திரண்டு வருடம் அவனைக் கெடாமல் வைத்திருந்தது. அவள் கிழவியாகிவிட்டாள், அவன் அப்படியே இருந்தான். மயில்துத்தம் வழியும் அந்தச் சுவருக்கு முன்னால் நின்று இதைக் கேட்டது ரொம்பக் கனமாக இருந்தது.

அறையைச் சுவரோரமாகவே சுற்றிக் கடந்தோம். அப்பால் வலது பக்கம் ஒரு கிளைப்பாதை கீழே இறங்கியது. அதில் பத்தடிகூடப் போயிருக்க மாட்டோம், அண்ணனின் மார்பில் கருவி வீறிட்டது. ஆக்சிஜன் 19.3.

வெளிக்காற்றில் 20.9 இருக்கும். 19.5-க்குக் கீழே போனால் எச்சரிக்கும்படி கருவியை வைத்திருந்தோம். 19.3 அன்றைக்கு ஒன்றும் செய்துவிடாது. ஆனால் பத்தடிக்குள் இவ்வளவு குறைந்தால் அடுத்த பத்தடியில் என்ன இருக்கும்? அண்ணன் கையைக் காட்டினார், நாங்கள் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பினோம்.

எனக்கு அதில் புரியாமல் இருந்தது, எந்த வித்தியாசமும் தெரியவில்லையே என்பதுதான். மூச்சு திணறவில்லை, நாற்றம் இல்லை. மேலே வந்து உட்கார்ந்தபின் நிலவியல்காரி விளக்கினாள். மூச்சு முட்டுகிறது என்று நம் உடம்பு உணர்வது பெரும்பாலும் ரத்தத்தில் கார்பன் டையாக்சைடு ஏறுவதை வைத்துத்தான். ஆக்சிஜன் குறைவதை அது அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. பைரைட் சிதையும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது, பதிலுக்கு கார்பன் டையாக்சைடை விடுவதில்லை. மிஞ்சுவது நைட்ரஜன். அதற்குள் நடந்துபோகிறவனுக்குக் கடைசிவரை எந்த அறிகுறியும் தெரியாமல் போகலாம். கால் துவளும், விழுவான். தூக்கப் போகிறவனும் விழுவான். தம்பியிடம் சத்தியம் வாங்கியது ஏன் என்று அப்போது விளங்கியது. மக்கும் மரமும் ஆக்சிஜனைத் தின்னும். அது கார்பன் டையாக்சைடையும் சேர்த்து விடும், அது கனமான வாயு, பள்ளத்தில் தேங்கும். காற்றோட்டம் உள்ள முக்கியப் பாதையில் நாங்கள் நன்றாக மூச்சுவிட, பக்கத்துக் கிளையில் மரணம் அசையாமல் நின்றுகொண்டிருந்தது.

பழைய காலத்தவர்களிடம் கருவி கிடையாது, மெழுகுவர்த்திச் சுடர்தான். ஆக்சிஜன் 16 சதவீதம் அளவுக்குக் குறையும்போது சுடர் அணையும், மனிதனுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கும். நிலக்கரிச் சுரங்கத்தில் அந்தச் சுடரே எமன். மீத்தேன் இருந்தால் வெடித்துவிடும். இங்கிலாந்தில் ஃபெல்லிங் சுரங்கத்தில் 1812-இல் 92 பேர் அப்படிப் போனார்கள். அதன்பின்தான் ஹம்ப்ரி டேவி 1815-இல் சுடரைச் சுற்றி மெல்லிய கம்பி வலை கட்டிய விளக்கைச் செய்தார். வலை வெப்பத்தை வாங்கிக்கொள்வதால் தீ வெளியே தாண்டாது. அவர் அதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. எனக்கு அந்த மனிதரை ரொம்பப் பிடிக்கும்.

கிளைப்பாதை முனையில் உட்கார்ந்திருந்தபோதுதான் விளக்குகளை அணைத்துப் பார்த்தோம். ஒவ்வொருவராக. கடைசி விளக்கு அணைந்ததும் இருட்டு எங்கள் மேல் படுத்துக்கொண்டது. வீட்டில் மின்சாரம் போனால் வரும் இருட்டில் ஐந்து நிமிடத்தில் ஜன்னல் தெரியும், கதவு தெரியும். இதில் கண் பழகுவதற்கே எதுவும் இல்லை. கையை முகத்துக்கு முன் ஆட்டினால் ஏதோ அசைவது போலத் தோன்றுகிறது. அதுவும் மூளை தானாகப் போட்டுக்கொள்ளும் படம். கண்ணுக்கு வேலை இல்லாமல் போனதும் காது பெரிதானது. ஒரு சொட்டு அருகில், இரண்டு சொட்டு தூரத்தில், எங்கோ ஆழத்தில் ஒன்று. நண்பனின் மூச்சு. என் இதயம். அப்புறம் தலைக்கு மேலே மிக மெல்லிய படபடப்பு, கடந்துபோனது.

விளக்கைப் போட்டபோது கூரை விரிசலில் நான்கைந்து வவ்வால்கள். குளிர்மாதங்களில் அவை இங்கே நீண்ட உறக்கத்தில் இருக்கும். அப்போது ஒரு தடவை எழுப்பிவிட்டாலும் சேர்த்துவைத்த கொழுப்பில் பெரும்பங்கு கரைந்துபோகும், வசந்தம் வரை தாங்காமல் சாகலாம். அதனால்தான் நாங்கள் கோடையைத் தேர்ந்தெடுத்தோம். அமெரிக்காவில் 2006-இல் முதன்முதலாகக் கண்ட வெள்ளைமூக்கு நோய், குகைகளிலும் சுரங்கங்களிலும் உறங்கும் வவ்வால்களை லட்சக்கணக்கில் அழித்துவிட்டது. பூஞ்சை மனிதர்களின் காலணியிலும் ஒட்டிக்கொண்டு போகும். நாங்கள் வருவதற்கு முன்பும் போனபின்பும் காலணிகளைக் கிருமிநீக்கித் தேய்த்துக் கழுவினோம். ஒரு பழைய சுரங்கத்தில் இன்று குடியிருப்பவை அவைதான், நாம் விருந்தாளிகள்.

அங்கிருந்து இன்னும் எழுபது மீட்டர். பாதை மறுபடி குறுகியது. தாதுக்கொடி மெலிந்து கைவிரல் அகலமானது, அப்புறம் நூலானது. இருந்தும் அவர்கள் விடாமல் அதன் பின்னாலேயே போயிருக்கிறார்கள். கொடி மறுபடி தடிக்கும் என்ற நம்பிக்கையில்தான் இருக்கும். சுவரில் மெழுகுவர்த்தியை ஒட்டவைத்த களிமண் உருண்டை ஒன்று இருந்தது. அதில் யாரோ ஒருவரின் கட்டைவிரல் ரேகை. அதன் மேலே சுவரில் புகைக்கரி, நீண்ட ஒரு நாக்கு போல.

பிறகு பாதை முடிந்தது. எந்த அடைப்பும் இல்லை, சரிவும் இல்லை. பாறை மட்டும்.

அண்ணன் எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னார். வேலை நடந்துகொண்டிருந்த முகப்பில் வெடிக்காத மருந்து துளைக்குள் இருக்கலாம். பழைய டைனமைட்டில் நைட்ரோகிளிசரின் வியர்த்து வெளியே கசிந்து நிற்கும், தொட்டாலே போதும். விளக்கை வைத்து ஒவ்வொரு இடமாகப் பார்த்தார். ஒரே ஒரு துளைதான் இருந்தது. இடுப்பு உயரத்தில், லேசாக மேல்நோக்கி. உள்ளே அடிப்பாறை தெளிவாகத் தெரிந்தது. மருந்து இல்லை, எதுவும் இல்லை.

"இது முடிக்காத துளை" என்றார்.

ஒரு காகிதப் பட்டையை நீட்டி அளந்தோம். 31 சென்டிமீட்டர். வழியில் பார்த்த அரைத்துளைகள் எல்லாம் இதைப்போல இரண்டு மடங்கு. துளையின் அடியில் உளியின் கடைசி அடி விழுந்த தடம் நேராக ஒரு கோடாக இருந்தது. அதைத் திருப்பி அடுத்த அடி அடிக்கவில்லை. கீழே தரையில் கல்மாவு ஒரு சின்னக் கூம்பாகக் குவிந்து இறுகியிருந்தது, சுரண்டி எடுத்துக் கொட்டியது கொட்டியபடி.

செம்பு விலை விழுந்தாலும் சுரங்கம் மூடும், தாது மெலிந்தாலும் மூடும். அது முதலாளி பார்க்கும் கணக்கு. இங்கே ஒரு மனிதர் பாதித் துளையில் உளியை எடுத்துவிட்டுத் திரும்பி நடந்திருக்கிறார். நாளைக்கு வந்து முடிக்கலாம் என்று நினைத்திருப்பார். நில அளவைக்காரன் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். உடனே போடச் சொல்லி அண்ணன் அதட்டினார். அவர் குரலும் சரியாக இல்லை.

திரும்பும்போது அளந்துகொண்டே வந்தோம். அவன் வந்ததே அதற்காகத்தான். தண்டவாள இரும்பு திசைகாட்டியை இழுக்கும் என்பதால் ஒளிக்கருவியால் ஒவ்வொரு திருப்பத்தின் கோணத்தையும் தூரத்தையும் எடுத்தான். பழைய சுரங்கத்துக்கு வரைபடம் இல்லாமல் இருப்பது சின்ன விஷயமில்லை. 2002 ஜூலையில் பென்சில்வேனியாவின் க்யூகிரீக் சுரங்கத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள், பக்கத்தில் கைவிடப்பட்டு நீர் நிரம்பியிருந்த சுரங்கத்தின் சுவரை உடைத்துவிட்டார்கள். அவர்கள் கையில் இருந்த வரைபடப்படி அது இன்னும் வெகுதூரம் தள்ளி இருந்திருக்க வேண்டும். ஒன்பது பேர் 77 மணி நேரம் நீர் சூழ்ந்த இருட்டில் இருந்தார்கள். மேலிருந்து துளை போட்டு, கூண்டை இறக்கி, ஒன்பது பேரையும் உயிரோடு எடுத்தார்கள். கீழே இருந்தவர்கள் உயிரோடு இருப்பது மேலே தெரிந்தது எப்படித் தெரியுமா? துளைபோட்ட இரும்புக் குழாயை அவர்கள் கீழிருந்து தட்டினார்கள்.

வாயை நெருங்கும்போது பச்சை வெளிச்சம் முதலில் தெரிந்தது, அப்புறம் தாளை இறுக்கிப் பிடித்தபடி நிற்கும் தம்பி. சொன்ன நேரத்துக்கு இன்னும் இருபத்திரண்டு நிமிடம் இருந்தது. வெயில் முகத்தில் அடித்தது. புதரின் இலைகளைப் பார்த்துக்கொண்டே சேற்றைக் கழுவினோம்.

இரண்டு நாள் கழித்து நில அளவைக்காரன் படத்தை வரைந்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். நேராகக் குன்றுக்குள் போகிறது என்று நாங்கள் நினைத்த பாதை, அந்தப் பெரிய அறைக்குப் பின் வளைந்து வளைந்து திரும்பியிருந்தது. கொடி போன பக்கம் போயிருக்கிறார்கள். படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மேலே தரையில் அதே கோட்டில் நடந்தோம். புதர்களுக்கு நடுவே, குன்றின் தோளில், மண் பாதி மூடிய ஒரு குழியைப் பார்த்தோம். அதன் விளிம்பில் புல் உள்பக்கமாகச் சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. மேல் வாய். நிலத்துக்கு உரியவரிடம் அன்றே சொல்லி அதற்கு வேலி போடவைத்தோம்.

அங்கிருந்து சரிவில் இறங்கினோம். அவன் முன்னால், கையில் நாடா. தம்பி மறுமுனையைப் பிடித்துக்கொண்டான். வேலியைத் தாண்டினோம், கிணற்றைத் தாண்டினோம். எங்கள் வீட்டுப் பின்கட்டுக்கு முன்னால் அவன் நின்று படத்தை இன்னொரு தடவை பார்த்தான். குனிந்து ஒரு குச்சியைத் தரையில் ஊன்றினான்.

"இதுக்கு நேர் கீழடா அந்தத் துளை. பத்தொன்பது மீட்டர்."

குச்சியிலிருந்து சுவர் வரைக்கும் நாடாவைப் பிடித்து அளந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டி படுக்கும் அறை. நான்கு மீட்டர் முப்பது.